90 எடுத்தாலே தேர்ச்சி, அப்புறம் எதற்குக் காப்பி அடித்தார்கள்?

வகுப்பு எடுப்பவன் கேட்டது:

வணக்கம். இளம் ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் இடத்தில் பாடம் எடுக்கிறேன். எந்தப் படை, எந்த இடம் என்பதை விட்டுவிடுங்கள். "தலைமையும் நேர்மையும்" வகுப்பு இந்த முறை என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு முன்னால் எடுத்தவர் விட்டுப்போன ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தேன். முதல் ஸ்லைடில் கடமை, கண்ணியம், தியாகம். கடைசி ஸ்லைடில் கைவிலங்கு. நடுவில் நாலைந்து கறுப்பு ஆடுகளின் கதை. மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

இதை அப்படியே எடுக்க மனம் வரவில்லை. காரணம், மால்ம்ஸ்ட்ராம்.

கேள்விப்படாதவர்களுக்காக: அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் இருக்கும் விமானப்படைத் தளம் அது. தரைக்கடியில் ஒரு சின்ன அறையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, உத்தரவு வந்தால் அணு ஏவுகணையை ஏவ வேண்டிய அதிகாரிகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். மாதாமாதம் அவர்களுக்குத் தேர்வு உண்டு. அந்தத் தேர்வின் விடைகளைக் கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டது 2014 ஜனவரியில் வெளியே வந்தது. தேர்வில் சந்தேகப்பட்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை. போதைப்பொருள் விசாரணை ஒன்றில் கைபேசிகளைத் துழாவும்போது தட்டுப்பட்டது. முதலில் 34 பேர் என்றார்கள். விடை அனுப்பியவர்கள், தெரிந்தும் வாய் திறக்காதவர்கள் என்று சேர்த்ததில் 92 ஆனது. அந்தத் தளத்து ஏவுகணை அதிகாரிகளில் ஏறக்குறைய பாதிப் பேர்.

என்னைக் குடைவது இதுதான். தேர்ச்சி மதிப்பெண் 90. விசாரிக்கப் போன விமானப்படைச் செயலர் டெபோரா லீ ஜேம்ஸ் என்ன சொன்னார் தெரியுமா? இவர்கள் தேறுவதற்காகக் காப்பி அடிக்கவில்லை, நூற்றுக்கு நூறு வாங்குவதற்காக அடித்தார்கள் என்றார். எல்லோருக்கும் மறுதேர்வு வைத்தபோது பெரும்பாலோர் சொந்தப் புத்தியிலேயே தேறியும் விட்டார்கள்.

மந்தையில் பாதி கறுப்பாக இருந்தால் அதைக் கறுப்பு ஆடு என்று சொல்ல முடியுமா? 22, 23 வயதுப் பிள்ளைகளிடம் இதை எப்படிப் பேசுவது? "காப்பி அடிக்காதே" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எனக்குக் கொடுத்திருப்பது இரண்டு மணி நேரம். படையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

---

இரும்புத்தொப்பி எழுதியது:

தம்பி, இதில் குழம்ப ஒன்றுமில்லை. சீருடை போடும்போது சத்தியம் செய்கிறோம். பத்து மார்க்குக்காக அதை விற்கிறவன் பெரிய இடத்துக்கு வந்தால் வேறு எதையும் விற்பான். அழுத்தம் யாருக்குத்தான் இல்லை? "அழுத்தத்தில் செய்துவிட்டேன்" என்பதை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தால் கோர்ட் மார்ஷலை இழுத்து மூடிவிடலாம்.

உங்கள் ஸ்லைடில் ஃபேட் லெனார்ட் இருக்கிறாரா? இல்லையென்றால் சேருங்கள். அமெரிக்காவின் ஏழாவது கடற்படை அணிக் கப்பல்கள் ஆசியத் துறைமுகங்களுக்கு வரும்போது தண்ணீர், எரிபொருள், இழுவைப் படகு, கழிவு அகற்றல் எல்லாம் ஏற்பாடு செய்யும் ஒப்பந்தக்காரர் லெனார்ட் கிளென் ஃபிரான்சிஸ். விருந்து, சொகுசு ஓட்டல், பெண்கள், பணம் என்று கொடுத்து அதிகாரிகளை வளைத்தார். எந்தக் கப்பல் எங்கே போகிறது என்ற ரகசியமே அவர் கைக்கு வந்தது. பில்லை ஏற்றி ஏற்றிப் போட்டார். 2013ல் கைது. 2022ல் வீட்டுக்காவலில் இருந்தபோது கணுக்காலில் மாட்டியிருந்த கண்காணிப்புப் பட்டையை அறுத்துப் போட்டுவிட்டு ஓட்டம். வெனிசுவேலாவில் பிடிபட்டு, 2024ல் 15 ஆண்டுச் சிறை. ரியர் அட்மிரல் ராபர்ட் கில்போவும் உள்ளே போனார். இதில் எந்த "நூற்றுக்கு நூறு" அழுத்தம் இருந்தது? ஆசைதான் இருந்தது.

---

பழைய அட்ஜுடண்ட் எழுதியது:

இரும்புத்தொப்பி சொல்வது ஒரு நோய், மால்ம்ஸ்ட்ராம் வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதுதான் உங்கள் பழைய ஸ்லைடு. அவர் சொன்ன நோயைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

நான் சில காலம் அட்ஜுடண்டாக இருந்தவன். யூனிட்டிலிருந்து மேலே போகிற காகிதம் எதுவும் அந்த மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் பொய் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் நினைப்பதுபோல் யாரும் "இன்றைக்குப் பொய் எழுதலாம்" என்று உட்கார்ந்து எழுதுவதில்லை. செக்‌ஷன் கமாண்டர் "அநேகமாக எல்லாரும் முடித்துவிட்டார்கள், மூன்று பேர் லீவில் இருக்கிறார்கள்" என்பார். பிளட்டூனில் அது "எல்லாரும், லீவில் உள்ளவர் நீங்கலாக" ஆகும். கம்பெனியில் "எல்லாரும்". என் மேசைக்கு வரும்போது 100%. எந்தப் படியிலும் ஒருவர்கூடப் பெரிய பொய் சொல்லவில்லை. கடைசியில் வந்த எண் மட்டும் பொய்.

மால்ம்ஸ்ட்ராம் கேள்விக்கு வருகிறேன். 90 தேர்ச்சி என்பது விதிப்புத்தகத்தில். ஆனால் அடுத்த நல்ல பதவிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் மேலதிகாரி கையில் என்ன இருக்கிறது? எல்லோரும் ஒரே வயது, ஒரே வேலை, சண்டை எதுவும் நடக்கவில்லை. வேறுபடுத்திக் காட்ட இருப்பது அந்த மார்க் ஒன்றுதான். பக்கத்து நாற்காலிக்காரன் ஒவ்வொரு மாதமும் 100 வாங்குகிறான் என்றால், 98 வாங்கியவன் கடைசி ஆள். பயிற்சியின் ஓட்டையைக் கண்டுபிடிக்க வைத்த தேர்வு, ஆளைத் தரம் பிரிக்கும் தேர்வாக மாறிய அன்றைக்கே ஓட்டையைக் காட்டுகிறவன் ஏமாளி ஆகிவிட்டான். அதற்குப் பிறகு விமானப்படை என்ன செய்தது என்பதைக் கட்டாயம் வகுப்பில் சொல்லுங்கள். மதிப்பெண்ணையே எடுத்துவிட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் வைத்தார்கள். இன்னொன்று, காப்பி அடித்ததில் நேரடித் தொடர்பு இல்லாத ஒன்பது கமாண்டர்களைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். தளத்தின் தலைமைக் கர்னல் தானே விலகினார்.

அடுத்தது நேரக் கணக்கு. அமெரிக்கத் தரைப்படையில் 2002ல் லெனார்ட் வாங் செய்த ஆய்வு ஒன்றில், ஒரு கம்பெனி கமாண்டர் ஓர் ஆண்டில் முடித்தே ஆகவேண்டிய கட்டாய வேலைகளைக் கூட்டிப் பார்த்தார்கள். 297 நாள் வந்தது. பயிற்சிக்குக் கிடைப்பது 256 நாள். மீதி 41 நாள் எங்கிருந்து வரும்? ஆனால் ஆண்டு முடிவில் எல்லா அறிக்கையும் "முடிந்தது" என்றுதான் மேலே போயிற்று. அதே வாங், ஸ்டீஃபன் கெராஸ் என்பவருடன் சேர்ந்து 2015ல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார். அதில் அவர்கள் சொன்னது, அதிகாரிகளுக்கு இந்த விஷயத்தில் மனம் மரத்துப்போய்விட்டது என்று. நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்துப் போடும் அதே மனிதர், "நீங்கள் பொய் சொல்வீர்களா?" என்று கேட்டால் கோபப்படுவார். அவர் நடிக்கவில்லை. அந்தக் கையெழுத்தை அவர் பொய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கேட்கிறவருக்கும் தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும்.

என் காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கம்பெனி கமாண்டர் இரவுச் சுடுபயிற்சியில் தேறியவர்கள் 63% என்று உள்ளதை எழுதினார். அந்த மாதம் ரேஞ்ச், அதாவது சுடும் மைதானம், கிடைத்ததே இரண்டு இரவு, அதில் ஒன்று மழை. மேலிடத்திலிருந்து போன் வந்தது. "என்ன உதவி வேண்டும்" என்று கேட்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அறிக்கையில் முடிந்ததற்குப் பச்சைக் கட்டம், குறைக்குச் சிவப்பு. "எல்லா யூனிட்டும் பச்சையில் இருக்கிறது, உங்களுடையது மட்டும் ஏன் சிவப்பு? சாயங்காலத்துக்குள் சரிசெய்து அனுப்புங்கள்" என்றார்கள். சாயங்காலம் எண் சரியாகிவிட்டது. ரேஞ்ச் அன்றைக்கும் பூட்டித்தான் கிடந்தது. அந்தக் கமாண்டர் அதற்குப் பிறகு சிவப்புப் பேனாவையே தொட்டதில்லை.

பிறகு வந்த சி.ஓ., அதாவது யூனிட்டின் தலைமை அதிகாரி, வேறு மாதிரி. முதல் மாத அறிக்கைகளைப் புரட்டிவிட்டு, "ஒரு சிவப்புக் கட்டம்கூட இல்லாத கம்பெனிக்கு நானே நேரில் வந்து பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை, மிரட்டவில்லை. இரண்டு மூன்று மாதம் யாரும் நம்பவில்லை, பயந்து பயந்து ஒப்புக்கு ஒரு சிவப்பு வைத்தார்கள். அப்புறம் ஒரு சுபேதார் எழுதினார்: இரவில் பார்க்கும் கருவிகளில் பாதிக்கு பேட்டரியே இல்லை, இரண்டு வருடமாக "இயங்கும் நிலையில்" என்று காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று. சி.ஓ. அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போனார். பேட்டரி வந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் உண்மையான சிவப்பை எழுத ஆரம்பித்தார்கள்.

காகிதத்தில் நூறு எழுதுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று உங்கள் பிள்ளைகள் கேட்கலாம். அப்போது வியட்நாமைச் சொல்லுங்கள். அங்கே சண்டை போட்ட அமெரிக்க ராணுவம் பிணக் கணக்குதான் வெற்றிக்கு அளவுகோல் என்று வைத்திருந்தது. 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை மீகாங் டெல்டாவில் "ஸ்பீடி எக்ஸ்பிரஸ்" நடவடிக்கை. 9வது காலாட்படை டிவிஷன் கொன்றதாகக் காட்டிய எதிரிகள் ஏறத்தாழ 10,900 பேர். கைப்பற்றிய ஆயுதங்கள் 748. இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள். வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார், மற்றவர்கள் கையில் என்ன இருந்தது என்று.

இதைவிட மோசம் கொலம்பியா ராணுவம். கொரில்லாப் போராளிகளைக் கொன்ற எண்ணிக்கை கூடினால் விடுமுறை, பரிசு, பதக்கம். எண்ணிக்கைக்காக, வேலை தருவதாக ஆசை காட்டி ஏழை இளைஞர்களைக் கூட்டிப்போய்ச் சுட்டு, கொரில்லா உடையை மாட்டிவிட்டார்கள். 2002 முதல் 2008 வரை இப்படிக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 6,402 பேர் என்று அங்கே அமைதி உடன்படிக்கைக்குப் பிறகு அமைந்த சிறப்பு நீதிமன்றம் 2021ல் சொன்னது.

---

இரும்புத்தொப்பி எழுதியது:

கொலம்பியாவைக் கொண்டுவந்தால் நான் சொன்னதுதான் உறுதியாகிறது. அது அழுத்தம் இல்லை, கொலை. எண் கேட்டான் என்பதற்காக அப்பாவியைச் சுடுகிறவனுக்கு ரேஞ்ச் பூட்டியிருந்த கதையைச் சொல்லிப் பரிவு காட்ட முடியாது.

இந்திய ராணுவத்திலேயே 2003ல் அஸ்ஸாமில் ஒரு கூத்து நடந்தது. உயிரோடு இருந்தவர்களைப் படுக்கவைத்து, தக்காளி கெச்சப்பைப் பூசி, தீவிரவாதிகளைச் சுட்டதாகப் போட்டோ எடுத்தார்கள். விஷயம் ராணுவ நீதிமன்றம் வரை போனது. ஒருவிதத்தில் பார்த்தால் அங்கே கெச்சப்போடு நின்றதே என்று சந்தோஷப்பட வேண்டும்.

சரி, 63% ஆளை விட்டுவிடுகிறேன். அவருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் ஜெனரல்கள் விஷயம் என்ன? அவர்களை யார் சாயங்காலத்துக்குள் சரிசெய்யச் சொன்னது?

---

டூல்பாக்ஸ் எழுதியது:

நான் அதிகாரி இல்லை. விமானப்படையில் டெக்னீசியனாக இருந்தேன், விமானத்துக்கு அடியில் படுத்தே பாதி சர்வீஸ் போயிற்று. எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா.

வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவோம். ஒரு ஸ்பேனர் குறைந்தால் அந்த விமானம் நகராது, கிடைக்கிற வரைக்கும் எல்லாரும் தேடணும். நான் சேர்ந்த புதிதில் ஒரு பையன் டார்ச்சைத் தொலைத்துவிட்டு, தானே ஓடிவந்து சொன்னான். அன்றைக்குப் பறக்க வேண்டிய இரண்டு விமானம் நின்றது. ஸ்குவாட்ரன் கமாண்டர் வந்தார். எல்லோரும் அவன் கதை முடிந்தது என்று நினைத்தோம். அவர் எல்லோர் முன்னாலும் அவன் கையைக் குலுக்கிவிட்டு, தானும் குனிந்து தேட ஆரம்பித்தார். அந்த ஸ்குவாட்ரனில் நான் இருந்தவரை யாரும் கருவிக் கணக்கை மறைத்ததாக எனக்குத் தெரியாது. வேறு ஓர் இடத்தில் இதே மாதிரி சொன்னவனுக்கு லீவை வெட்டினார்கள். அங்கே என்ன ஆயிற்று என்றால், ஆளாளுக்கு லாக்கரில் ஒரு உபரி ஸ்பேனர் வைத்துக்கொண்டோம். எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கும்.

கப்பல்காரர்கள் கதையும் இதுதான். 2017 ஜூனில் ஃபிட்ஸ்ஜெரால்ட் மோதி 7 பேர், ஆகஸ்டில் மக்கெய்ன் மோதி 10 பேர் செத்தார்கள். இரண்டும் ஜப்பானைத் தளமாகக் கொண்ட அமெரிக்கப் போர்க்கப்பல்கள். அந்த ஜூன் மாதக் கணக்குப்படி அங்கிருந்த குரூசர், டெஸ்ட்ராயர் கப்பல்களின் பயிற்சிச் சான்றிதழ்களில் 37% காலாவதி ஆகியிருந்தது என்று அவர்கள் நாட்டுத் தணிக்கை அமைப்பே சொன்னது. கடலுக்கு அனுப்பாமல் இருந்தார்களா? இல்லை. விலக்குக் கடிதம் ஒன்று போட்டால் போதும், கப்பல் கிளம்பிவிடும். "எங்களால் முடியாது" என்று சொல்கிற கேப்டன் அங்கே யாரும் இல்லை, எல்லோரும் "முடியும் சார்"தான்.

---

வகுப்பு எடுப்பவன் எழுதியது:

டூல்பாக்ஸ் அண்ணே, உபரி ஸ்பேனரை வகுப்பில் சொல்லப்போகிறேன், அனுமதி உண்டுதானே?

அட்ஜுடண்ட் சார், ஒரு சந்தேகம். பிள்ளைகள் கண்டிப்பாக அமெரிக்கக் கடற்படைக் கேப்டன் பிரெட் குரோசியரைப் பற்றிக் கேட்பார்கள். 2020 மார்ச்சில் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் கொரோனா பரவியபோது, மாலுமிகளை இறக்கச் சொல்லி மேலே கடிதம் எழுதினார். அது பத்திரிகையில் வந்ததும் கப்பலின் பொறுப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். உண்மையை எழுதினால் இதுதான் கதி என்று சொன்னால் நான் என்ன பதில் சொல்வது?

---

பழைய அட்ஜுடண்ட் எழுதியது:

மறைக்காமல் முழுக் கதையையும் சொல்லுங்கள். அவரைத் தூக்கிய தற்காலிகக் கடற்படைச் செயலர் தாமஸ் மாட்லி, அந்தக் கப்பலுக்கே போய் மாலுமிகள் முன்னால் அவரைத் திட்டிப் பேசி, அந்தப் பேச்சு வெளியே வந்ததும் தானும் பதவி விலகினார். கப்பலில் 1,200 பேருக்கு மேல் தொற்று வந்தது, ஒரு மாலுமி இறந்தார். ஆனால் ஜூனில் வந்த கடற்படை விசாரணை முடிவு குரோசியரைத் திரும்ப எடுக்கவில்லை. தொற்றைத் தடுக்க அவரே இன்னும் வேகமாகச் செய்திருக்க வேண்டும் என்றது. உண்மை எழுதுகிறவர் எல்லாம் ஜெயிப்பார் என்று நீங்கள் சொன்னால் அதுவும் ஒரு 100% அறிக்கைதான். விலை உண்டு என்று சொல்லுங்கள். அந்த விலையைக் குறைப்பது மேலே இருப்பவன் வேலை, நாளைக்கு அந்த மேலே இருப்பவர்கள் இவர்கள்தான் என்பதையும் சொல்லுங்கள்.

இரும்புத்தொப்பி கேட்ட ஜெனரல் விஷயம். டேவிட் பெட்ரேயஸை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நட்சத்திர ஜெனரல், ஈராக், ஆப்கானிஸ்தான் இரண்டிலும் தலைமை, பிறகு சி.ஐ.ஏ. இயக்குநர். தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்ணோடு உறவு. ரகசியத் தகவல்கள் இருந்த தன் குறிப்பேடுகளை அவரிடம் கொடுத்தார். 2012 நவம்பரில் பதவி விலகினார். 2015ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,00,000 டாலர் அபராதமும் பெற்றார். இதில் என் கண்ணுக்குப் படுவது வேறு. வெளியேறும்போது "ரகசிய ஆவணம் எதுவும் என்னிடம் இல்லை" என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். குறிப்பேடுகள் வீட்டில் இருந்தன.

அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, அவருக்காக வாதாடவும் வரவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். முப்பது வருடம் கீழேயிருந்து பச்சைக் கட்டங்கள் மட்டுமே வந்துகொண்டிருக்கும் ஒருவர், ஒரு கட்டத்தில் தானும் பச்சைதான் என்று நம்ப ஆரம்பித்துவிடுகிறார். இடித்துரைக்க ஆளில்லை. காரைத் திறந்துவிட ஆள், பேச்சை எழுதித்தர ஆள், படம் எடுக்க ஆள். ஃபேட் லெனார்டின் விருந்துக்குப் போனவர்களும் எடுத்த எடுப்பில் ரகசியத்தை விற்கவில்லை. முதலில் ஒரு சாப்பாடு, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜூனியர் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? ஜூனியரின் வேலையை மதிப்பிடும் ஆண்டு ரகசிய அறிக்கையை எழுதுவது அந்தச் சீனியர்தானே. ஆகவே இரண்டு நோய் என்றேனே, அவை தொற்றிக்கொள்ளும் இடம் இது. தண்டனையைக் குறைக்கச் சொல்லவில்லை, இரும்புத்தொப்பி. கொலம்பியாக்காரனுக்கு ஆயுள் முழுக்கச் சிறை என்றாலும் எனக்குச் சம்மதம். அவனைத் தண்டித்துவிட்டு எண்ணிக்கைப் பலகையை அதே சுவரில் விட்டுவைத்தால் அடுத்த ஆள் வருவான் என்கிறேன்.

வகுப்புக்கு ஒரு யோசனை. ஸ்லைடு வேண்டாம். 297 நாள் வேலை, 256 நாள் காலண்டர், இரண்டையும் உங்கள் படையின் வேலைப் பெயர்களுக்கு மாற்றி, நான்கு நான்கு பேராகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் நிறைவு அறிக்கையில் கையெழுத்து வாங்குங்கள். நேர்மை வகுப்பு என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள், "திட்டமிடல்" என்று சொல்லுங்கள். எத்தனை குழு "முடிந்தது" என்று போடுகிறது பாருங்கள். முடிந்தால் உங்கள் மேலதிகாரியையும் ஒரு குழுவில் உட்கார வையுங்கள்.

---

இரும்புத்தொப்பி எழுதியது:

இது நல்ல பயிற்சி. ஆனால் "முடிந்தது" என்று போட்ட பிள்ளைகளைப் பெயர் சொல்லி நிற்க வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த வகுப்புக்கு விடை முன்கூட்டியே போய்விடும், மால்ம்ஸ்ட்ராம்தான்.

---

டூல்பாக்ஸ் எழுதியது:

ஸ்பேனருக்கு அனுமதி உண்டு தம்பி, எந்த ஸ்குவாட்ரன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுக்கப்போகிற படிவத்தில் "செய்யவில்லை, காரணம்" என்று எழுத இடம் இருக்கிறதா? எங்கள் ஜாப் கார்டில் அந்தக் கட்டம் இருந்தது.

---

வகுப்பு எடுப்பவன் எழுதியது:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அண்ணே. உண்மையான படிவத்தில் "முடிந்தது", "முடிந்த தேதி", "கையெழுத்து" மூன்றுதான் இருக்கிறது. பாதிக் குழுக்களுக்கு இதை அப்படியே கொடுக்கிறேன், மீதிக் குழுக்களுக்கு "செய்யவில்லை, காரணம்" என்ற கட்டம் சேர்த்து அச்சடித்துக் கொடுக்கிறேன். மேலதிகாரியிடம் கேட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார். எந்தப் படிவத்தை அவர் குழுவுக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.